பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறும் இரவு: மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள குடியிருப்புகளில் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் போன் அடிக்கும். வாட்ச்மேன்தான். "சார், கீழ தண்ணி ஏறுது." எங்கள் சங்கத்தில் பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட வருஷங்களில் இந்த போனை நான் பல முறை எடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் எது நடந்தாலும் மோட்டார் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவேன். அவர் வந்து, மோட்டாரை மேலே தூக்கி, கழற்றிப் பார்ப்பார். பெரும்பாலும் மோட்டாரில் ஒன்றும் இருக்காது. கோளாறு ஃப்ளோட் சுவிட்ச்சில் (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கி மோட்டாரைத் தானே ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) இருக்கும், இல்லாவிட்டால் கரண்டில், அதுவும் இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே போகிற வழியில். மோட்டார் நான்காவதாகத்தான் வரும். இந்த வரிசை தெரிந்திருந்தால் பாதி இரவுகளில் மெக்கானிக்கே தேவைப்பட்டிருக்காது.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் 'சம்ப்' என்றால் தரைக்கடியில் இருக்கும் குடிநீர்த் தொட்டி. பேஸ்மென்ட்டின் தாழ்ந்த மூலையில், ஊற்றுநீரும் மழைநீரும் வந்து சேர்வதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்தையும் சம்ப் என்றே சொல்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் அதை இங்கே குழி என்றே எழுதுகிறேன். அதில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டாரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். தரையில் தண்ணீர் நிற்கிறது, அதே தளத்தில் மீட்டர் போர்டோ ப்ளக் பாயிண்ட்டோ இருக்கிறது என்றால், மேலே இருந்து மெயினை அணைக்கும் வரை யாரும் கால் வைக்கக்கூடாது. கார் சாவியோடு கீழே ஓடுபவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மெயினும் பேஸ்மென்ட்டிலேயே இருந்தால், மின்வாரியத்துக்கு போன் செய்து வெளியே சப்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"தண்ணி ஏறுது, மோட்டார் ஓடவே இல்ல"

பேனல் போர்டில் இண்டிகேட்டர் விளக்குகளைப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு மூன்றும் எரிய வேண்டும். மழை இரவில் ஒரு ஃபேஸ் மட்டும் போவது சகஜம். சிங்கிள் ஃபேசிங் ப்ரிவென்டர் இருந்தால் அது மோட்டாரை ஓடவிடாமல் தடுக்கும். இல்லாவிட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, அதாவது காயில், கருகும்.

விளக்குகள் சரியாக எரிந்தால், ஆட்டோ - மேனுவல் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். குழியைச் சுத்தம் செய்தவர்கள் ஆஃபில் வைத்துவிட்டு மறந்து போவது நான் அடிக்கடி பார்த்தது. மேனுவலில் போட்டால் ஓடுகிறது, ஆட்டோவில் ஓடவில்லை என்றால் குற்றவாளி ஃப்ளோட். அது கயிற்றிலோ கேபிளிலோ சிக்கியிருக்கும், சுவரில் ஒட்டியிருக்கும், மேலே பிளாஸ்டிக் கவர் படிந்திருக்கும். காய்ந்த தரையில் நின்று, காய்ந்த பி.வி.சி. பைப்பால் அதை மெல்லத் தூக்கிவிடுங்கள். மோட்டார் பிடித்துக்கொண்டால் அன்றைய இரவுக்கு அது போதும். கயிறு போல் தொங்கும் ஃப்ளோட் ஆட இடம் கேட்கும். உங்கள் குழி இரண்டடிக்கு இரண்டடிதான் என்றால் அதற்கு நேர்க்குத்தாக ஏறி இறங்கும் ஃப்ளோட்டே பொருந்தும்.

மேனுவலில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நீர்மூழ்கி மோட்டார் சுற்றியுள்ள தண்ணீரால்தான் சூடு தணிகிறது. குழி வற்றிய பிறகும் ஓடினால் முதலில் உள்ளே தண்ணீர் புகாமல் காக்கும் மெக்கானிக்கல் சீல் போகும், அப்புறம் காயில்.

மேனுவலிலும் ஓடாமல் "உம்ம்" என்று உறுமினால், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அதைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கும், எந்த மோட்டாரானாலும் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகியிருக்கும், இவை இரண்டும்தான் வழக்கமான காரணம். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஓடாமலே கிடந்த மோட்டாரில் சேறு காய்ந்து இம்பெல்லரைப் பிடித்துக்கொள்ளும். உறுமலை ஒரு சில நொடிக்கு மேல் விடாதீர்கள். அணைத்து, கரண்டைத் துண்டித்து, சங்கிலியால் மேலே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

"ஜெனரேட்டர் ஓடுது, லிஃப்ட் ஓடுது, இது மட்டும் ஓடல"

தெருவில் தண்ணீர் நின்றால் மின்வாரியம் பாதுகாப்புக்காக அந்தப் பகுதியின் சப்ளையை நிறுத்திவிடும். அது சரியான முடிவு. ஆனால் உங்கள் குழி மோட்டாருக்கு மிகவும் வேலை இருக்கும் நேரமும் அதுதான். பல கட்டடங்களில் ஜெனரேட்டர் லைனில் லிஃப்ட், மாடிப்படி விளக்கு, குடிநீர் மோட்டார் மூன்றும் இருக்கும். குழி மோட்டார் இருக்காது. கட்டும்போது யாரும் கேட்காததால் விட்டுப்போனது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு வெயில் நாளில் மெயினை அணைத்து, ஜெனரேட்டரில் எது எது ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். லிஃப்ட்டும் அதே நொடியில் கிளம்பினால் சிறிய ஜெனரேட்டர் திணறும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையிலும் பேஸ்மென்ட்டிலேயே ஜெனரேட்டரையும் பேனலையும் வைத்திருந்த கட்டடங்கள் தண்ணீரை இறைக்க வேண்டிய நேரத்தில் இறைக்கும் கருவியையே தண்ணீருக்குள் விட்டன. செலவானாலும் குறைந்தது பேனலையாவது தரைத்தளத்துக்கு ஏற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன்.

"மோட்டார் ஓடுது, தண்ணி வரல"

வெளியேற்றும் குழாயில் யாராவது கேட் வால்வை மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்தது, மோட்டாரின் அடியில் இருக்கும் சல்லடை. இலை, பால் கவர், கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்ட் கட்டி எல்லாம் அங்கேதான் போய் அடைக்கும். மோட்டாரைக் குழியின் தரையில் அப்படியே உட்கார வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில் வைத்தாலே அடைப்பு வெகுவாகக் குறையும்.

இரண்டும் சரி, ஆனாலும் காற்று மட்டும் கலக்குகிற சத்தம் வருகிறதா? அது ஏர்லாக். குழி முழுக்க வற்றி, மறுபடி தண்ணீர் ஏறும்போது இம்பெல்லர் அறைக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே, போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் மூடியிருப்பதால் காற்றுக்குப் போக வழியில்லை. மோட்டாருக்கும் அந்த வால்வுக்கும் இடைப்பட்ட குழாயில் 3 முதல் 5 மி.மீ. வரை ஒரு ஓட்டை போட்டால் தீர்ந்தது. ஓடும்போது அந்த ஓட்டையில் தண்ணீர் பீச்சும். அது குழிக்குள்ளேயே விழும்படி கீழ்நோக்கிப் போடச் சொல்லுங்கள். பிளம்பர் "லீக் ஆகும் சார்" என்பார். ஆகட்டும், அதற்காகத்தான் அந்த ஓட்டை.

த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இன்னொன்று உண்டு. பேனலிலோ வெளியே கேபிளிலோ வேலை பார்த்த பிறகு தண்ணீர் பாதியாகக் குறைந்து, அதிர்வும் சத்தமும் கூடினால், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியன் ஏதேனும் இரண்டு ஃபேஸ்களை மாற்றிப் போட்டால் போதும். இதைக் கண்டுபிடிக்காமல் 'இம்பெல்லர் தேய்ந்துவிட்டது' என்று எங்களிடம் ஒருவர் புது இம்பெல்லர் போட்டுப் பணம் வாங்கிப் போனார். புதியதும் அதே பாதித் தண்ணீரைத்தான் தந்தது.

"தண்ணி வருது, ஆனா குறையவே இல்ல"

இதுதான் கடினமான போன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், குழாய் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். தெரு நிரம்பி, நீங்கள் கொட்டும் தண்ணீர் ரேம்ப் வழியாகத் திரும்ப உங்கள் குழிக்கே வந்துகொண்டிருக்கலாம். விடிய விடிய ஒரே தண்ணீரைச் சுற்றவிட்ட கட்டடங்கள் உண்டு. ரேம்ப்பின் தலைப்பில், தெருமட்டத்தைவிட ஓரடியாவது உயர்ந்த மேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றிரவு மணல் மூட்டைதான் வழி. பருவமழைக்கு முன்பே நாற்பது மூட்டை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் மேன்ஹோலில் கொட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தரைத்தள வீடுகளின் கழிப்பறை வழியாகப் பொங்கி வரும். மழைநீர் வடிகாலில்தான் விட வேண்டும்.

இரண்டு மோட்டார்கள் ஒரே குழாயில் சேர்கின்றனவா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நான்-ரிட்டர்ன் வால்வ் வேண்டும். ஒரு வால்வ் பழுதானால், ஓடும் மோட்டார் தூக்கும் தண்ணீர் ஓடாத மோட்டார் வழியாகக் குழிக்குள்ளேயே இறங்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மட்டம் குறையவில்லை என்றால், மோட்டார் போதவில்லை. தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு இங்கேதான் வெளியே வருகிறது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 6 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் கொண்ட திறந்த ரேம்ப் 120 சதுர மீட்டர். மணிக்கு 60 மி.மீ. பெய்தால் 7,200 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 120 லிட்டர். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது, அந்த மழைக்கு இந்த ரேம்ப் மட்டும் 58,800 லிட்டர் வாங்கியிருக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட ஐந்து. ரேம்ப்பை ஒட்டிய சுவரில் சாய்ந்து அடிக்கும் மழையும் தரையில் ஊறுவதும் இதற்கு மேல். ஆகவே நிமிஷத்துக்கு 300 லிட்டர் தள்ளும் மோட்டார் இரண்டு வைப்பது இந்த அளவு ரேம்ப்புக்குச் சரி. ஒன்று ஓட, ஒன்று மாற்று. மட்டம் மிகவும் ஏறினால் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும்.

300 லிட்டர் என்பதை எந்த உயரத்துக்கு என்று கேளுங்கள். குழியின் ஆழம் ஒன்றரை மீட்டர், பேஸ்மென்ட் தரையிலிருந்து தெரு மூன்று மீட்டர், அதற்கு மேல் ஒரு மீட்டர் என்றால் ஐந்தரை. குழாய் உராய்வும் சேரும். 50 மி.மீ. குழாயில் 300 லிட்டர் போனால் 20 மீட்டர் நீளத்துக்கே இரண்டரை மீட்டருக்கு மேல் வீணாகும், 75 மி.மீ. குழாயில் அது அரை மீட்டர்கூட வராது. மோட்டாரைப் பெரிதாக்குவதற்கு முன் குழாயைப் பெரிதாக்குங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். நல்ல குழாய் இருந்தால் 1 ஹெச்.பி. டிரெயினேஜ் மோட்டாரே இந்த வேலைக்குப் போதும்.

'டிரெயினேஜ்' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கோயம்புத்தூர்த் தயாரிப்புகள் எல்லாக் கடையிலும் கிடைப்பதால், கிணற்றுக்கான ஓப்பன்வெல் மோட்டாரைக் குழியில் இறக்கிவிடுகிறார்கள். அது தெளிந்த தண்ணீருக்கும் அதிக உயரத்துக்கும் செய்தது. சேறு கலந்த தண்ணீரில் அதன் சல்லடை அடைக்கும். முப்பது மீட்டர் தூக்கப் பிறந்த மோட்டாருக்கு ஆறு மீட்டர் வேலை கொடுத்தால் அளவுக்கு மீறித் தண்ணீரை இழுத்து, கரண்டையும் கூடுதலாக இழுத்து, ஓவர்லோடில் விழும். வாங்கும்போது கடைக்காரரிடம் ஹெச்.பி.யைச் சொல்லாதீர்கள், "எட்டு மீட்டரில் நிமிஷத்துக்கு 300 லிட்டர், சேற்றுத் தண்ணீர்" என்று சொல்லுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரமும் அதிகபட்ச லிட்டரும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அதிகபட்ச உயரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது. அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புத் தண்ணீர் என்றால் போல்ட் நட் வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

"போட்டுப் போட்டு நிக்குது"

ஓடும், நிற்கும், அரை நிமிஷத்தில் மறுபடி ஓடும். நான்-ரிட்டர்ன் வால்வ் கசிந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் குழிக்குத் திரும்பி ஃப்ளோட்டைத் தூக்கிவிடும். மோட்டார் நின்றதும் குழாயில் காதை வைத்துக் கேளுங்கள், தண்ணீர் இறங்கும் சத்தம் தெரியும். வால்வ் நன்றாக இருந்தால் ஃப்ளோட்டின் கயிறு மிகக் குட்டையாக இருக்கிறது, இல்லை குழியே சின்னது. மணிக்குப் பத்து முறைக்கு மேல் கிளம்பாமல் இருக்க, நிமிஷத்துக்கு 300 லிட்டர் மோட்டாருக்கு ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் நடுவே 450 லிட்டர் இடம் வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழியில் அது 45 செ.மீ. உயரம்.

"ட்ரிப் ஆயிட்டே இருக்கு"

எது ட்ரிப் ஆகிறது என்று கேளுங்கள். ஓவர்லோட் ரிலே என்றால் மோட்டார் சிரமப்படுகிறது: அடைப்பு, குறைந்த வோல்டேஜ், ஒரு ஃபேஸ் இல்லாமை, தப்பான மோட்டார். ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், என்றால் கரண்ட் எங்கோ தண்ணீருக்குள் கசிகிறது. சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது கேபிள் ஜாயிண்ட் குழிக்குள்ளேயே போட்டிருப்பார்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதை மறுபடி மறுபடி தூக்கிப் போடக்கூடாது. 'இது தொல்லை' என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிட்டு மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரீஷியனை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். 30 மில்லி ஆம்பியருக்கு விழும் அந்தச் சின்னப் பெட்டிதான் கணுக்கால் தண்ணீரில் நிற்கும் வாட்ச்மேனின் உயிர். மோட்டாரை மேலே எடுத்து, இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியான மெகர் வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

"மழையே இல்ல, ஆனாலும் ஊறுது"

பருவமழை முடிந்து நிலத்தடி நீர் மேலே நிற்கும் மாதங்களில் இது இயல்பு. ஆனால் சித்திரையிலும் அதே வேகத்தில் ஊறினால், உங்கள் சொந்தக் குடிநீர்த் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். இரவு பதினொரு மணிக்கு உள்ளே வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்தி, சுவரில் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குழியில் கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊறும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. குழியில் வாரம்தோறும் புது மணல் சேர்ந்தால் நிஜமாகவே கவலைப்பட வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணல் பாங்கான இடங்களில் மோட்டார் தண்ணீரோடு தரைக்கடி மண்ணையும் இழுத்து வந்துவிடும். தளத்துக்கு அடியில் வெற்றிடம் விழும். கட்டுமானப் பொறியாளரை அழைத்து, ஊறும் இடத்தில் சல்லியும் வடிகட்டித் துணியும் போட்டுச் சரிசெய்த பிறகுதான் தொடர்ந்து இறைக்க வேண்டும்.

"குழி நாறுது சார்"

கழிவுநீர் கலந்திருக்கிறது. இங்கே ஒன்றே ஒன்று: எவரையும் குழிக்குள் இறக்காதீர்கள். நச்சு வாயு மூக்கைப் பழக்கிவிடும். சற்று நேரத்தில் நாற்றம் தெரியாது, ஆள் விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஆபத்தான முறையில் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கக்கூடாது. நீண்ட நாள் மூடிக் கிடந்த மழைநீர்க் குழியும் அப்படித்தான், உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. மோட்டாரைச் சங்கிலியால் தூக்குங்கள், சேற்றை உறிஞ்சும் லாரியால் எடுங்கள்.

பேஸ்மென்ட்டே நிரம்பிவிட்டால்

வாடகைக்கு வரும் டீசல், பெட்ரோல் இன்ஜின் பம்ப்பை ரேம்ப்புக்கு வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள். குழாய் மட்டும் உள்ளே போகட்டும். இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும்.

அப்புறம், அவசரப்படாதீர்கள். வெளியே மண் முழுக்க ஊறி நிற்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர்தான் சுவரையும் தளத்தையும் எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். ஒரே மூச்சில் காலி செய்தால் தளம் மேலே எழும்பி வெடிக்கலாம். தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைத்து, சுவரில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் மறுபடி அதே அளவு ஏறியிருந்தால் ஒரு நாள் பொறுத்திருங்கள். காருக்காக அவசரப்படும் வீட்டுக்காரர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். மூழ்கிய காரை இன்னும் ஒரு நாள் கழித்து எடுப்பதால் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இவற்றில் பெரும்பாலானவற்றை மழைக்கு முன்பே பிடித்துவிடலாம். குழியின் சேற்றை எடுத்து, ரேம்ப்பின் குறுக்கே இருக்கும் இரும்புச் சல்லடையைத் தூக்கிக் கால்வாயைக் கழுவுங்கள். தோட்டக் குழாயைக் குழிக்குள் விட்டு, ஃப்ளோட் தானாக ஏறி மோட்டார் கிளம்புகிறதா, வற்றியதும் நிற்கிறதா என்று இரண்டு மோட்டார்களையும் பாருங்கள். மெயினை அணைத்து ஜெனரேட்டரிலும் அதையே செய்யுங்கள். மட்டம் மிகவும் ஏறினால் அடிக்கும் ஹூட்டர் பேஸ்மென்ட்டில் அடித்துப் பயனில்லை, வாட்ச்மேன் அறையில் அடிக்க வேண்டும். பேனல் கதவின் உட்புறம் எந்த சுவிட்ச் எதற்கு என்று தமிழில் மார்க்கரால் எழுதி வையுங்கள். இரவுக் காவலுக்குப் புது ஆள் வரும்போதெல்லாம், அவர் கையாலேயே ஒரு முறை ஓட்டி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.